தெருவில் பழகிய சோல்: ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ் உருவான கதை

ஐரிஷ் இசை என்றதும் ஃபிடில், டின் விசில், பப்பில் கூடிப் பாடும் கூட்டம் இவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். சோல் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. 1988இல் டப்ளின் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேர் வெளியிட்ட 'பீப்பிள்' என்ற ஆல்பத்தைப் பற்றிப் பேசியவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். குழுவின் பெயர் ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ்.

இன்று அவர்களைப் புதிதாகக் கேட்கிறவருக்கு இரண்டு குழப்பங்கள் வரும். சோல் பாடும் டப்ளின் குழு என்றால் 'தி கமிட்மென்ட்ஸ்' படத்தில் வருகிறவர்களா என்பது ஒன்று. இல்லை. அது ராடி டாயில் 1987இல் வெளியிட்ட நாவலில் வரும் கற்பனைக் குழு, 1991இல் படமானது. இன்னொன்று, டப்ளினின் புகழ்பெற்ற ராக் குழுவான யூ2 கைதூக்கி விட்டதால் மேலே வந்தவர்கள்தானே என்பது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு முதலில் சோல் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சோல் என்று எதைச் சொல்கிறோம்

1950களில் ரே சார்ல்ஸ், சாம் குக் போன்றவர்கள் கறுப்பின தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பல் இசையின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்துப் பாடினார்கள். ரிதம் அண்ட் புளூஸின் தாளம் அதனுடன் சேர்ந்தது. 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஆகிய நிறுவனங்கள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. பாடல்களின் வார்த்தை மாறியது, பாடும் முறை மாறவில்லை. அந்த முறையில் மூன்று விஷயங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டும்.

1. ஒரே அசையைப் பல சுரங்களில் இழுத்து, வளைத்து, உடைத்துப் பாடுவது. நம் காதுக்குக் கமகம் பழக்கம் என்பதால் இது சட்டென்று புரியும்.

2. அழைப்பும் பதிலும். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். திருப்பிப் பாடுவது பின்பாட்டாக இருக்கலாம், சாக்ஸஃபோனாகவும் இருக்கலாம்.

3. பாட்டு எங்கே முடியும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகாது. தேவாலயத்தில் பாடுகிறவர் சபையைப் பார்ப்பார். கூட்டம் சூடேறிக்கொண்டிருந்தால் கடைசி இரண்டு வரி திரும்பத் திரும்ப வரும், ஐந்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ. அடங்கினால் முடிப்பார்.

மூன்றாவதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அயர்லாந்துக்குள் இது வந்த வழி

டப்ளின் பையன்கள் 1985இல் திடீரென்று கண்டுபிடித்தது அல்ல இது. 1950களின் கடைசியில் தொடங்கி 1970கள் வரை அயர்லாந்தின் சிற்றூர்களில்கூட நடன அரங்குகள் நிறைந்து வழிந்தன. அங்கே வாசித்த குழுக்களுக்கு ஷோபேண்ட் என்று பெயர். ஏழெட்டுப் பேர், ஒரே மாதிரி கோட்டு சூட்டு, ட்ரம்பெட், சாக்ஸஃபோன். வானொலியில் ஓடும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஹிட்களை அப்படியே வாசிப்பார்கள். சொந்தப் பாட்டு கிடையாது என்று பிற்காலத்தில் ராக் ரசிகர்கள் இவர்களை இளக்காரமாகப் பேசினார்கள். அந்த இளக்காரம் நியாயமில்லை என்று எனக்குத் தோன்றும். பித்தளை வாத்தியம் முழங்க ஒருவர் உருகிப் பாடுவது என்ற விஷயத்தை விவசாயக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அவர்கள்தானே. 1975 ஜூலையில் மயாமி ஷோபேண்ட் குழுவின் வேனை பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்தில் வழிமறித்து, ஆயுதக் கும்பல் ஒன்று மூன்று இசைக்கலைஞர்களைக் கொன்ற பிறகு எல்லை தாண்டிப் போய் வாசிப்பதில் பயம் சேர்ந்துகொண்டது. அதற்குள் அந்தக் காலமே மங்கத் தொடங்கியிருந்தது.

ஷோபேண்டில் பழகி வந்தவர்களில் ஒருவர் பெல்ஃபாஸ்ட்காரரான வேன் மாரிசன். அவருடைய அப்பா 1950களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டில் இருந்தபோது சேர்த்த இசைத்தட்டுகள் வீடு நிறைய இருந்தன. மாரிசன் 1964இல் 'தெம்' குழுவில் பாடத் தொடங்கினார். அப்புறம் தனியாகப் போய், ஐரிஷ் நிலத்தையும் அமெரிக்க சோலையும் சேர்த்து ஒரு தனிக் குரலை உருவாக்கிவிட்டார். பின்னால் வந்த யாரும் அவரைத் தாண்டாமல் இந்தப் பக்கம் வரவே முடியாது.

1982இல் இன்னொரு திருப்பம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உருவான குழு, ஐரிஷ் பெற்றோரின் பிள்ளையான கெவின் ரோலண்டின் டெக்சிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் குழு, ஃபிடிலையும் சோலையும் கலந்து 'கம் ஆன் ஐலீன்' பாட்டை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. ஐரிஷ் மரபு கலந்த சோல் என்ற பொருளில் கெல்டிக் சோல் என்ற அடைமொழி பரவியது அந்த நேரத்தில்தான். அந்தப் பாட்டைத் தயாரித்தவர்கள் கிளைவ் லேங்கரும் ஆலன் வின்ஸ்டன்லியும். இதே இருவர்தான் ஆறு ஆண்டு கழித்து 'பீப்பிள்' ஆல்பத்தையும் தயாரித்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐரிஷ்காரர்களும் ஒடுக்கப்பட்டவர்கள், அதனால் சோல் அவர்களுக்கு இயல்பாகவே வரும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். காலனி ஆட்சியும் பஞ்சமும் அயர்லாந்தின் வரலாறு என்பது உண்மை. ஆனால் அடிமை வணிகத்தின் வழியாக வந்த ஒரு மக்களின் அனுபவத்தை அதோடு சமப்படுத்துவது சோம்பேறித்தனம். டப்ளின் ராக் உலகில் உண்மையிலேயே ஒரு கறுப்பின ஐரிஷ்காரர் இருந்தார்: தின் லிஸி குழுவின் ஃபில் லினட். டப்ளினின் கிரம்லின் பகுதியில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், 1986 ஜனவரியில் இறந்தார். இந்த வாதத்தை வைப்பவர்கள் பலர் அவரை மறந்துவிடுவது வேடிக்கை.

பள்ளிக்கூடம் கொடுத்தது

பாடகர் லியம் ஓ மேன்லீயும் கிதார் கலைஞர் ஃபீயக்னா ஓ பிரேனானும் சிறு வயதிலிருந்தே நண்பர்கள். இருவரும் ஐரிஷ் மொழி வழிப் பள்ளியில் படித்தவர்கள். டப்ளின் ஆங்கிலம் பேசும் நகரம். கணக்கும் அறிவியலும்கூட ஐரிஷ் மொழியிலேயே கற்றுத்தரும் பள்ளிகள் அங்கே குறைவு. மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் உள்ள பெற்றோர் தேடிப் போய்ச் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளியான கோலாஷ்டா ஓவன் மாணவர்தான் ஓ மேன்லீ. பிற்காலத்தில் பேர் வாங்கிய கீலா குழு 1987இல் தொடங்கியதும் இதே பள்ளியில்தான்.

அந்த மொழியோடு ஒட்டி வருவது ஷான் நோஸ். பழைய முறை என்று பொருள். பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கட்டு கிடையாது. ஒருவர் நின்று, பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு, ஐரிஷ் மொழியில் பாடுவார். ஒரே வரியை ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக வளைப்பார். மேலே சொன்ன முதல் அம்சம் இங்கே வேறொரு ஊரிலிருந்து வந்து நிற்கிறது, கவனித்தீர்களா? அமெரிக்க காஸ்பலுக்கும் ஷான் நோஸுக்கும் வம்சாவளித் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. ஓ மேன்லீயின் தொண்டையில் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டவில்லை, அவ்வளவுதான். சிறு வயதில் டின் விசிலும், பௌரான் எனப்படும் ஆட்டுத்தோல் மேளமும் கற்றவர் அவர்.

மரபு இசை மட்டும் படித்து வளர்ந்த சாது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி நாட்களில் 'தி காம்ப்ளெக்ஸ்' என்ற பங்க் குழுவில் பாடினார். செக்ஸ் பிஸ்டல்ஸ், ரமோன்ஸ் பாட்டுகளை வாசித்த குழு அது. கூட இருந்தவர்கள் கெவின் ஷீல்ட்ஸும் கோல்ம் ஓ கீசோயிகும். அவர்கள் பின்னால் மை பிளடி வேலன்டைன் குழுவைத் தொடங்கி, கிதார் ஓசையைச் சுவர் மாதிரி எழுப்பியவர்கள். ஒரே பள்ளிக்கூட நட்பு வட்டத்தில் இருந்து இரண்டு நேரெதிர்த் திசைகள்.

தெரு

1985. அயர்லாந்துக்கு மிக மோசமான காலம். வேலையின்மை 17 சதவீதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது, படித்தவர்கள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். ஓ மேன்லீயும் ஓ பிரேனானும் டப்ளின் தெருக்களில் நின்று வாசிக்கத் தொடங்கினார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், 'ஒப்பற்ற பென்சினி சகோதரர்கள்'. சர்க்கஸ் கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறது இல்லையா, அந்தக் கேலி வேண்டும் என்றேதான் வைத்திருப்பார்கள். விரைவிலேயே பீட்டர் ஓ'டூல் சேர்ந்தார். நடிகர் பீட்டர் ஓ'டூல் அல்ல, பேஸ் கிதார் வாசித்த வேறொருவர். ஓராண்டுக்குள் தெருக் கலைஞர்களுக்கான விருது ஒன்றும் கிடைத்தது.

பல கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். என் பார்வையில் இந்தக் குழுவின் இசையை விளக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. தெருவில் வாசிப்பது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அரங்கத்துக்கு வருகிறவர் காசு கொடுத்துவிட்டு வருகிறார், அதனால் பாட்டு சுமாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர் பால் வாங்கப் போகிறார், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார். அவர் உங்களைக் கடக்கச் சில விநாடிகள்தான். மெதுவாக ஆரம்பித்து மூன்றாம் நிமிடத்தில் உச்சம் தொடும் பாட்டு அங்கே எடுபடாது. குரல் முதல் வரியிலேயே ஆளை நிறுத்த வேண்டும். மைக் கிடையாது, வயிற்றிலிருந்து பாட வேண்டும். ஒருவர் நின்றால் இரண்டாவது ஆள் நிற்பார், அரைவட்டமாகக் கூட்டம் சேரும்.

கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போது பாட்டை முடித்தால் போச்சு. கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள், கீழே விரித்த பெட்டியில் காசு விழாது. அதனால் பல்லவியை மறுபடி எடுப்பார்கள். ஒருவர் கைதட்டச் சொல்லிக் கொடுப்பார், இன்னொருவர் கூட்டத்தையே ஒரு வரி பாட வைப்பார். பின்வரிசை நிரம்பியதைப் பார்த்த பிறகுதான் முடிப்பு.

மூன்றாவது அம்சத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். சபையைப் பார்த்துப் பாட்டை நீட்டும் காஸ்பல் பாடகரும், பெட்டியைப் பார்த்துப் பல்லவியை நீட்டும் தெருப் பாடகரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். சோலை இவர்கள் இசைத்தட்டில் கேட்டுக் கற்றிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அது ஏன் அப்படிப் பாடப்படுகிறது என்பதைக் கற்றுத் தந்தது டப்ளின் நடைபாதை.

பெயரும் ஆட்களும்

பென்சினி சகோதரர்கள் என்ற பெயரை விட்டுவிட்டு ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ் ஆனார்கள். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸ் 1984இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு அது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் சூடு காட்டி வளர்க்கும் பூக்கள் என்று பொருள். டப்ளின் மழையில் நனைந்து வளர்ந்தவர்கள் வைத்துக்கொண்ட பெயர்! லியோ பார்ன்ஸ் சாக்ஸஃபோனோடும், ஜெரி ஃபீஹிலி டிரம்ஸோடும் வந்து சேர்ந்தார்கள். ஓ மேன்லீ பியானோவில் உட்கார்ந்தார். பியானோ, ஆர்கன், சாக்ஸஃபோன், பின்பாட்டு என்று சோல் குழுவுக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது.

யூ2 செய்தது என்ன, செய்யாதது என்ன

1986இல் தொலைக்காட்சியில் இவர்களைப் பார்த்த யூ2 பாடகர் போனோ உதவ முன்வந்தார். அந்த உதவி எந்த வடிவில் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள மதர் ரெக்கார்ட்ஸ் பற்றித் தெரிய வேண்டும்.

யூ2 1984இல் தொடங்கிய சிறு நிறுவனம் அது. அன்று ஐரிஷ் குழுக்களின் பிரச்சினை இதுதான்: பெரிய இசை நிறுவனங்கள் எல்லாம் லண்டனில் இருந்தன. கையில் ஒரு இசைத்தட்டு இல்லாமல் அங்கே போனால் மதிப்பில்லை, நிறுவனம் இல்லாமல் இசைத்தட்டு போட முடியாது. மதர் இந்த முடிச்சை ஒரே இடத்தில் அவிழ்த்தது.

1. ஒப்பந்தம் இல்லாத புதுக் குழு ஒரு சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுக்கான இசைத்தட்டு, பதிவு செய்ய வழி செய்வார்கள்.
2. அந்தச் சிங்கிளைக் காட்டிக் குழு வேறு நிறுவனத்தோடு பேசலாம். மதரிலேயே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இன் டுவா நுவா, கேக்டஸ் வேர்ல்ட் நியூஸ் ஆகிய குழுக்கள் முன்பே இந்த வழியில் போயிருந்தன. ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ் 1987இல் மதர் வழியாக 'லவ் டோன்ட் வொர்க் திஸ் வே' என்ற சிங்கிளை வெளியிட்டார்கள். விரைவிலேயே பாலிகிராம் குழுமத்தின் லண்டன் ரெக்கார்ட்ஸோடு ஒப்பந்தம் ஆனது.

நேரமும் கைகொடுத்தது. அதே 1987 மார்ச்சில் யூ2வின் 'தி ஜோஷுவா ட்ரீ' வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. அடுத்த யூ2 யார் என்று தேடி லண்டன் நிறுவனங்களின் ஆட்கள் டப்ளின் பப்களில் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, அப்படியானால் எல்லாம் யூ2 புண்ணியம்தானா? மதர் வழியாகப் போன எல்லாக் குழுக்களும் இந்த உயரத்தைத் தொடவில்லையே. கதவைத் திறந்துவிட்டது யூ2, உள்ளே போய் நின்று பாடியது தெருவில் பழகிய குரல். ஒலியிலும் இவர்கள் யூ2வின் வாரிசு அல்ல. யூ2வின் கிதார் கலைஞர் எட்ஜின் எதிரொலிக்கும் கிதாருக்கு இங்கே இடமே இல்லை.

போட்டியில் இல்லாமல் யூரோவிஷனில்

அடுத்த கதவைத் திறந்தது அரசுத் தொலைக்காட்சி.

யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் எந்த நாடு வெல்கிறதோ, அடுத்த ஆண்டு வழக்கமாக அதுவே போட்டியை நடத்தும். 1987இல் பிரஸ்ஸல்ஸில் ஜானி லோகன் அயர்லாந்துக்காக வென்றார். அதனால் 1988 ஏப்ரல் 30 அன்று டப்ளினின் ஆர்டிஎஸ் வளாகத்தில் போட்டி. எல்லா நாடுகளும் பாடி முடித்த பிறகு நடுவர் குழுக்கள் மதிப்பெண்ணைத் தயார் செய்யச் சில நிமிடங்கள் தேவை. நேரடி ஒளிபரப்பில் அந்த இடைவெளியை நடத்தும் நாடுதான் எதையாவது காட்டி நிரப்ப வேண்டும். நாட்டுப்புற நடனம், ஊர்ப் பெருமை என்று எதையாவது போட்டுச் சமாளிப்பது வழக்கம்.

ஐரிஷ் தொலைக்காட்சியான ஆர்டிஇ அந்த ஆண்டு நிகழ்ச்சியை இளைஞர்களுக்கு ஏற்றபடி மாற்ற நினைத்தது. இயக்குநர் டெக்லன் லௌனி ராக் இசை நிகழ்ச்சிகளில் பழகியவர். மேடையில் இரண்டு ராட்சதத் திரைகள் வந்தன. இடைவெளியில் ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸின் 'டோன்ட் கோ' பாட்டு, 11 நாடுகளில் போய்ப் படம் பிடித்த வீடியோவாக ஓடியது.

இதன் கணக்கைப் பாருங்கள். போட்டியில் பாடியவர்களில் சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய செலின் டியான் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். மற்ற 20 நாடுகளின் பாடகர்கள் தோற்றார்கள். போட்டியிலேயே இல்லாத டப்ளின் குழு தோற்கவும் வாய்ப்பில்லை. ஐரோப்பா முழுக்க வரவேற்பறைகளில் ஒரே நேரத்தில் ஒரு புதுக் குழுவின் பாட்டு ஓடியது, அதுவும் மதிப்பெண்ணுக்காக எல்லோரும் நகராமல் காத்திருந்த நேரத்தில். ஆறு ஆண்டு கழித்து, 1994இல், இதே இடைவெளியில்தான் ஆர்டிஇ 'ரிவர்டான்ஸ்' நடனத்தை அரங்கேற்றி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த வித்தைக்கு முன்னோட்டம் இது.

'டோன்ட் கோ' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. சூடு ஆறுவதற்குள் மே மாதத்தில் 'பீப்பிள்' வந்தது. அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாம் இடம். அதுவரை வந்த ஐரிஷ் அறிமுக ஆல்பங்களில் இதுவே பெரிய வெற்றி என்று பேசப்பட்டது. அதில் 'ஹல்லேலூயா ஜோர்டன்' என்று ஒரு பாட்டின் தலைப்பே இருக்கிறது. காஸ்பல் எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வெற்றிக்குப் பின் வந்த சிக்கல்

தெருவில் பழகிய குழுவுக்கு ஸ்டூடியோவில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டின் நீளம் அங்கே முன்கூட்டியே முடிவாகிவிடும். வானொலிக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். யாரைப் பார்த்துப் பல்லவியை நீட்டுவது? எதிரே இருப்பது கண்ணாடித் தடுப்பும் ஒலிப்பதிவாளரும். மேடையில் ஓ மேன்லீ வெறுங்காலோடு பியானோவில் தொடங்கி, பாட்டின் நடுவே ஐரிஷ் மொழிக்குத் தாவி, ஷான் நோஸ் மாதிரி இழுத்து, மறுபடி பல்லவிக்கு வரும் அந்தப் பத்து நிமிடங்கள் இசைத்தட்டில் இல்லை. நேரில் பார்த்தால்தான் புரியும் என்று இவர்களைப் பற்றி ரசிகர்கள் சொல்வதை வெறும் அபிமானம் என்று தள்ளிவிட முடியாது.

1990இல் வந்த 'ஹோம்' இதற்கு ஒரு பதில் தேடிய ஆல்பம். ஜானி நாஷ் 1972இல் பாடிய 'ஐ கேன் சீ கிளியர்லி நவ்' பாட்டை எடுத்து, கைதட்டலும் கூட்டுக்குரலுமாகத் தேவாலயப் பாட்டாகவே மாற்றினார்கள். அதே ஆல்பத்தில், கன்றுகளை ஓட்டிப் போவதைப் பற்றிய பழைய ஐரிஷ் மொழிப் பாட்டு ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 5ஆம் இடம். 1993இல் 'சாங்ஸ் ஃப்ரம் தி ரெயின்'. இடையில் ஓயாத பயணம், நாட்டுக்கு நாடு மேடை. 1994இல் களைத்துப்போய் நிறுத்திக்கொண்டார்கள்.

1998இல் 'பார்ன்' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது பார்ன்ஸும் ஃபீஹிலியும் குழுவில் இல்லை. மிஞ்சியது ஓ மேன்லீ, ஓ பிரேனான், ஓ'டூல். 1985இல் பெட்டியை விரித்து நடைபாதையில் நின்ற அதே மூன்று பேர்.